தொழிற்கூடத் திரையை யார் வரைவது?

திருப்பூரில் ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் ஆலையில் ஊசி உடைந்தால் வேலை நின்றுவிடும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, டேப்பில் ஒட்டி, எந்த மெஷின், எத்தனை மணி என்று பதிவேட்டில் எழுதிக் காட்டிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அக்கம்பக்கத்துத் துணிகள் சோதனைக்குப் போக வேண்டும். கோவையின் வார்ப்பாலைக்கு உயிர்நாடி ஹீட் நம்பர்: எந்த உருக்கிலிருந்து எந்த வார்ப்பு வந்தது என்ற தடம். மருந்து ஆலையில் லைன் கிளியரன்ஸ்: முந்தைய பேட்ச்சின் ஒரு லேபிள்கூட மேசையில் இல்லை என்று ஒருவர் பார்த்து, இன்னொருவர் சரிபார்த்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த மூன்று ஆலைகளுக்கும் ஒரே உற்பத்தி மேலாண்மை மென்பொருளை விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள். ஆனால் ஆப்பரேட்டரின் முன்னால் இருக்கும் திரை மூன்று இடத்திலும் வேறுவேறு கேள்வி கேட்டாக வேண்டும்.

அந்தத் திரையை யார் வரைவது? மென்பொருளை விற்றவரா, ஆலையின் ஐ.டி. துறையா, லைனை நடத்துகிறவரேவா? லோ-கோட் தளங்கள் மூன்றாவது விடையை முன்வைக்கின்றன. பெட்டிகளை இழுத்து வைத்து, விதிகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்து, நிரல் எழுதாமலோ மிகக் கொஞ்சமாக எழுதியோ, செயல்முறைப் பொறியாளரோ சூப்பர்வைசரோ தனக்கு வேண்டிய திரையைத் தானே செய்துகொள்ளலாம் என்பது அவற்றின் வாக்கு. இந்த வாக்கு புதிதல்ல, அதற்கான மறுப்புகளும் புதிதல்ல. இதுவரை வந்த விடைகளைப் பார்த்தால், எல்லாத் தரப்பும் 'யாரால் செய்ய முடியும்' என்பதையே அதிகம் விவாதித்திருக்கிறது. செய்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி ஓரமாகவே நின்றிருக்கிறது.

ரிலே வரைபடத்திலிருந்து தொடங்கிய கதை

1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, ரிலேக்களுக்கு மாற்றாக ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்று தேவைப் பட்டியல் வெளியிட்டது. மாடல் மாறும்போதெல்லாம் பேனல்களின் ஒயரிங்கைப் பிரித்துக் கட்டுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பொறியாளர் டிக் மார்லியின் குழு 1969-ல் மோடிகான் 084 என்ற கருவியைக் கொடுத்தது. இன்று பி.எல்.சி. என்று சொல்லப்படும் இனத்தின் முன்னோடிகளில் அது முக்கியமானது. அதற்கான நிரல்முறையைக் கணினிக்காரர்களிடமிருந்து கடன் வாங்கவில்லை. எலக்ட்ரீஷியன்கள் அன்றாடம் படித்துப் பழகிய ரிலே வரைபடத்தையே நிரலாக்கினார்கள். அந்த லேடர் முறை 1993-ல் ஐ.இ.சி. 61131-3 தரநிலையில் இடம்பிடித்தது, இன்றும் ஆலைகளில் ஓடுகிறது. தொழிற்சாலையில் வெற்றிபெற்ற முதல் லோ-கோட் அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

அலுவலகப் பக்கத்திலும் இதே தேடல் நடந்தது, அதன் வேர் ஒன்று ஆலைக்குள்ளேயே இருக்கிறது. மினசோட்டா மாநிலம் ரோஸ்வில்லில் இருந்த ஸ்பெர்ரி யூனிவாக்கின் சொந்தக் கணினி ஆலையில், உற்பத்தியைக் கண்காணிக்க வளர்ந்த அறிக்கை முறைதான் பின்னாளில் மேப்பர் என்ற பெயரில் விற்கப்பட்டது. சான்ட்டா ஃபே ரயில்வே தன் இயக்கப் பிரிவு ஊழியர்களுக்கு மேப்பரைக் கற்றுக்கொடுத்து, சரக்குப் போக்குவரத்து மென்பொருளை அவர்களைக் கொண்டே கட்டியது. நிரலாளர் இல்லாமலே செயலிகள் என்று 1980-களின் தொடக்கத்தில் புத்தகம் எழுதிய ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அது பிடித்த உதாரணம்.

அதன் பிறகு நடந்தது தெரிந்த கதை. 1979-ல் விசிகால்க், பின்னால் எக்செல், 1991-ல் விஷுவல் பேசிக். ஆலைகளில் அதிகாரபூர்வ மென்பொருள் எட்டாத இடைவெளிகளையெல்லாம் எக்செல் ஷீட்டுகள் நிரப்பின. விஷுவல் பேசிக் 6-இன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-ல் நிறுத்திய பிறகும், அதில் எழுதிய எடைமேடை மென்பொருளும் லேபிள் அச்சிடும் மென்பொருளும் ஓடிக்கொண்டே இருந்தன. நிறுத்தினால் லைன் நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம்.

'லோ-கோட்' என்ற பெயரை ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனம் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 2014-ல். அதே ஆண்டு எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து பிரிந்து டியூலிப் தொடங்கியது. ஆலையின் முன்வரிசைத் தொழிலாளிக்கான திரைகளே அதன் குறி. சீமென்ஸ் 2018-ல் நெதர்லாந்தின் மென்டிக்ஸை ஏறத்தாழ 60 கோடி யூரோவுக்கு வாங்கியதும், ஆலை மென்பொருள் உலகம் இதைப் பொருட்படுத்தத் தொடங்கியது. பெயர் வருவதற்கு முன்பே, 2006-ல், சென்னையிலிருந்து ஸோஹோ கிரியேட்டர் வந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கருவி சரியாக இருந்தால் போதும் என்போர்

இந்தத் தரப்பின் வலுவான வாதம் விற்பனைக் கையேடுகளில் இல்லை, புதுமையாக்கம் பற்றி ஆராய்ந்த எரிக் வான் ஹிப்பெலிடம் இருக்கிறது. ஒரு வேலையைப் பற்றிய தகவல் அந்த வேலை நடக்கும் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிரித்தெடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோவது செலவு பிடிக்கும் என்று 1994-ல் அவர் எழுதினார். தகவலை வடிவமைப்பாளரிடம் கொண்டுபோவதைவிட, வடிவமைக்கும் கருவியைத் தகவல் உள்ளவரிடம் கொடுப்பது மலிவு என்பது அதிலிருந்து வரும் முடிவு. பல துறைகளுக்கு ஒரே மென்பொருளை விற்பவருக்கு இது மிகப் பொருத்தமான தத்துவம். ஊசிப் பதிவேடும் ஹீட் நம்பரும் லைன் கிளியரன்ஸும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்கோடு படிக்கும் பெட்டி, படமெடுக்கும் பெட்டி, கையொப்பப் பெட்டி என்று கொடுத்துவிட்டால் மற்றதை அங்கே இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

ஊசிப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். மெஷின் எண்ணை ஸ்கேன் செய்ய ஒரு பெட்டி, துண்டுகளைப் படமெடுக்க ஒரு பட்டன், 'எல்லாத் துண்டும் கிடைத்ததா' என்ற கேள்வி. ஆம் என்றால் ஸ்டோருக்குப் புது ஊசிக்கான அனுமதி போகும். இல்லை என்றால் தரப் பிரிவின் கைப்பேசிக்குச் செய்தி. பழகியவர் ஒருவர் அரை நாளில் இதைச் செய்துவிடலாம். வெளியில் ஒப்பந்தம் கொடுத்தால் தேவை ஆவணம், மதிப்பீடு, ஒப்புதல், சோதனை என்று வாரக்கணக்கில் இழுக்கும். இந்த வேறுபாடு உண்மையானது. இதை மறுக்கிறவர்கள் ஆலையில் ஒரு சின்ன மாற்றத்துக்காகக் காத்திருந்து பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

பலவீனம் அடுத்த கட்டத்தில் வருகிறது. வான் ஹிப்பெல் சொன்ன கருவிப்பெட்டிக்குள்ளேயே தவறு செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். சிப் வடிவமைப்பாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட மென்பொருளில் சிமுலேட்டர் இருந்தது. பல ஆலைத் தளங்களில் திரையை வரைவது எளிது, ஓடும் லைனைத் தொடாமல் அதைச் சோதித்துப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

சிக்கல் வேலையிலேயே இருக்கிறது என்போர்

கணினி அறிஞர் ஃப்ரெட் புரூக்ஸ் 1986-ல் எழுதிய கட்டுரை மென்பொருள் உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. மென்பொருளின் சிக்கலை அவர் இரண்டாகப் பிரித்தார்: கருவியால் வருவது ஒன்று, வேலையின் இயல்பிலேயே உள்ளது மற்றொன்று. புதுக் கருவி முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. வரைபட நிரல்முறை பற்றியும் அந்தக் கட்டுரையில் அவர் நம்பிக்கையாகப் பேசவில்லை.

மேலே சொன்ன அரை நாள் திரையில் இதைப் பார்க்கலாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஊசி உடைந்தால் பதிவு யார் பெயரில்? நெட்வொர்க் அறுந்திருந்தால் புது ஊசி கொடுக்கலாமா, கூடாதா? ஓவர்லாக் மெஷினில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் இருக்கலாம். எது உடைந்தது என்று எழுத வேண்டுமா? வாங்குபவர் ஒருவர் ஒட்டிய துண்டைக் காகிதத்தில் கேட்கிறார், இன்னொருவர் படம் போதும் என்கிறார். இவற்றில் எதுவும் நிரல் எழுதும் சிக்கல் அல்ல. காகிதப் பதிவேட்டில் சூப்பர்வைசர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிச் சமாளித்தவை இவை. திரையில் ஓரம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விதி வேண்டும், விதிகள் சேரச் சேர அரை நாள் திரை யாருக்கும் முழுதாகப் புரியாத அம்புக்குறிக் கூட்டமாகிவிடும்.

படம் எழுத்தைவிட எளிது என்ற நம்பிக்கையையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தாமஸ் கிரீன், மரியன் பெட்ரே முதலியோர் 1990-களில் லேப்வியூ போன்ற வரைபட மொழிகளை எழுத்து மொழிகளோடு ஒப்பிட்டபோது, நிபந்தனைகள் அடுக்கடுக்காக வரும் இடங்களில் படத்தைப் படித்துப் புரிந்துகொள்வது மெதுவாகவே இருந்தது. ஓரிடத்தில் ஒன்றை மாற்ற, படம் முழுவதையும் நகர்த்த வேண்டிய தொல்லையையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

ஆனால் இந்தத் தரப்பும் அளவு மீறிப் பேசுவதுண்டு. ஆலைத் திரைகளில் பெரும்பகுதி ஆழமான சிக்கல் உள்ளவை அல்ல. படிவம், பட்டியல், எண்ணிக்கை, ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். அங்கே தாமதத்துக்குப் பெரும்பங்கு காரணம் புரூக்ஸ் சொன்ன முதல் வகைச் சிக்கலே. லேடர் முறை அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததையும் இந்த வாதம் விளக்குவதில்லை. படம் என்பதால் அது நிலைத்ததாகத் தெரியவில்லை. படிப்பவருக்கு ஏற்கெனவே பழகிய படம் என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

அதிகாரம் யாரிடம்?

மூன்றாவது தரப்புக்கு இது கருவிப் பிரச்சினையே அல்ல. வரலாற்றாளர் டேவிட் நோபிள் 1984-ல் வெளியிட்ட 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' நூலில் ஓர் உதாரணம் வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில், தேர்ந்த மெஷினிஸ்ட் ஒரு முறை வேலை செய்துகாட்ட, அவர் கையசைவை நாடாவில் பதிந்து, மெஷின் அதைத் திரும்பச் செய்யும் முறை உருவானது. நிரல் எழுதுபவர் மெஷினிஸ்ட்தான், கருவி அவர் கை. அதே காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.டி.-யில் எண்ணியல் கட்டுப்பாடு வளர்ந்தது. அதில் நிரல் அலுவலக அறையில் எழுதப்பட்டது. வென்றது இரண்டாவது. மேலாண்மை தொழிலாளியின் கையிலிருந்து கட்டுப்பாட்டை எடுக்க விரும்பியதே காரணம் என்பது நோபிளின் வாதம்.

இதை அப்படியே ஏற்க முடியாது. விமானப் பாகங்களின் வளைபரப்புகளைக் கையால் ஓட்டிக் காட்டிப் பதிவது கடினம், எண்ணியல் முறைக்கு அங்கே உண்மையான தேவை இருந்தது. அது மட்டுமல்ல, நிரலாக்கம் பின்னாளில் ஓரளவு மெஷினுக்கே திரும்பி வந்தது. 1981-ல் மஸாக் கொண்டுவந்த மஸாட்ரோல் முறையில், ஆப்பரேட்டர் மெஷின் முன் நின்றபடி கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிரலை உருவாக்கினார். ஆக, தொழில்நுட்பத்தின் திசை ஒரே பக்கம் போவதில்லை. ஆனாலும் யாருக்கு மாற்றும் உரிமை உண்டு என்பதைக் கருவி தானாக முடிவு செய்வதில்லை என்ற நோபிளின் அடிப்படை நிற்கிறது.

ஸ்காண்டிநேவியாவில் இதே கேள்வியை அரசியலாகவே எடுத்துக்கொண்டார்கள். சிமுலா நிரல்மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட், 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஆலைகளில் வேலை செய்தார். கணினி அமைப்பு வருமுன் தொழிலாளர் தரப்பைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் அதிலிருந்து பிறந்தன. இந்த மரபு பங்கேற்பு வடிவமைப்பு என்ற துறையாகவே வளர்ந்தது. வலுவான சங்கமும் சட்டமும் உள்ள நாட்டில் வேரூன்றிய முறை அது. சங்கமே இல்லாத ஆலைகளுக்கு அதை எப்படிப் பெயர்ப்பது என்பதற்கு அந்த மரபில் தெளிவான விடை இல்லை.

ஷோஷானா ஸுபாஃப் 1988-ல் எழுதிய நூல் இன்னொரு கோணம். காகிதக்கூழ் ஆலைகளில் கூழைக் கையால் தொட்டு, மணம் பார்த்துத் தரம் சொன்னவர்கள், கட்டுப்பாட்டு அறைக்குள் எண்களின் முன் உட்காரவைக்கப்பட்டபோது என்ன ஆனது என்று அவர் விவரித்தார். அதே எண்கள் வேலையைக் கற்றுக்கொடுக்கவும் உதவும், ஆளை வேவு பார்க்கவும் உதவும். லோ-கோட் திரை இதில் விதிவிலக்கு அல்ல. ஊசி உடைந்ததைப் பதியும் திரையிலிருந்து, எந்தத் தையல்காரரிடம் அதிகம் ஊசி உடைகிறது என்ற பட்டியலை எடுப்பது இரண்டு கிளிக் வேலை. பட்டியல் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து ஊசி உடைந்ததைச் சொல்லாமல் மறைப்பது தொடங்கிவிடலாம்.

எதிர்ப்புறத்தில் பால் ஆட்லர் ஆராய்ந்த நும்மி ஆலை நிற்கிறது. 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை, 1984-ல் நும்மி என்ற பெயரில் டொயோட்டாவோடு கூட்டாகத் திறக்கப்பட்டது. அங்கே ஸ்டாப்வாட்ச் தொழிலாளர்கள் கையில் இருந்தது. தங்கள் வேலையின் நேரத்தைத் தாங்களே அளந்து, செய்முறைத் தாளைத் தாங்களே எழுதினார்கள். கண்டிப்பான தரப்படுத்தலும் தொழிலாளியின் ஆக்கமும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. வேலைப் பாதுகாப்பு பற்றி ஒப்பந்தத்தில் உறுதி இருந்ததால் அது முடிந்தது என்பதை லோ-கோட் விளம்பரங்கள் சொல்வதில்லை.

திரை பொய் சொன்னால்

பாதுகாப்புப் பொறியாளர்களின் ஐயம் வேறு விதமானது, அதற்குக் கனமான வரலாறு உண்டு. 1979 மார்ச் 28-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தம் விடுவிக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த விளக்கு அணைந்திருந்தது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வை மூடச் சொல்லும் மின்சமிக்ஞை போயிற்றா என்பதை மட்டுமே காட்டியது. மூடிவிட்டது என்று நம்பியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீரை இழந்துகொண்டிருந்தார்கள்.

2005 மார்ச் 23-ல் டெக்ஸஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், கோபுரத்துக்குள் போகும் திரவத்தின் அளவு ஒரு திரையிலும் வெளியேறும் அளவு வேறொரு திரையிலும் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. உள்ளே போகிறது, வெளியே வரவில்லை என்பதை ஒரே பார்வையில் காண வழியில்லை. பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பாலையில் 1994-ல் நடந்த வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆப்பரேட்டர்களின் முன் வந்த அலாரங்கள் 275. இவை எவையும் லோ-கோட்டில் வரைந்த திரைகள் அல்ல, முறையான பொறியியல் குழுக்கள் கொடுத்தவை. தேர்ந்தவர்களே இப்படித் தவறியிருக்கும்போது யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றால் என்ன ஆகும் என்பது இத்தரப்பின் கேள்வி. அந்தத் திரையின் முன் நாள்தோறும் உட்காருபவரைக் கேட்டிருந்தால் இரண்டு அளவையும் ஒரே திரையில் வைக்கச் சொல்லியிருப்பார் என்று இதே சான்றை எதிர்ப்பக்கமும் திருப்பலாம்.

2015-ல் வந்த ஐ.எஸ்.ஏ. 101 தரநிலை இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி பார்க்கிறது. எந்த ஆலையும் திரைகளுக்கென ஒரு கொள்கை ஆவணம், ஒரு நடைக் கையேடு, பொதுவான வரைபொருள் தொகுப்பு ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும், மாற்றங்கள் முறைப்படி பதிவாக வேண்டும் என்கிறது. லோ-கோட் தளத்தில் இந்தத் தொகுப்பை முன்கூட்டியே ஏற்றிவைத்தால், சிவப்பு நிறத்தை அலாரத்துக்குத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடலாம். நல்ல யோசனை, ஆனால் தொகுப்பைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

மருந்துத் தொழிலில் சிக்கல் இன்னும் கூர்மை. அமெரிக்க எஃப்.டி.ஏ.-வின் 1997-ஆம் ஆண்டு பகுதி 11 விதி, மின்னணுப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்கிறது. தொழில்துறையின் கேம்ப் 5 வழிகாட்டி மென்பொருளை வகை பிரிக்கிறது: அமைப்பு மாற்றிப் பயன்படுத்துவது நான்காம் வகை, புதிதாக எழுதுவது ஐந்தாம் வகை, ஐந்தாவதுக்குச் சரிபார்ப்பு வேலை மிக அதிகம். லோ-கோட் எந்த வகை? விற்பவர் நான்கு என்பார். ஆனால் பத்து நிபந்தனைகளை அடுக்கிய பிறகு அது ஐந்தாம் வகையைத்தான் ஒத்திருக்கிறது. 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பு, வகைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்காமல் ஒரு தொடர்ச்சியாகப் பார்க்கச் சொல்கிறது. நேர்மையான நிலைப்பாடு, ஆனால் தணிக்கையாளர் முன் உட்காருபவருக்கு அதனால் இரவுத் தூக்கம் வந்துவிடாது.

படிக்கும் திரைக்கும் ஆணையிடும் திரைக்கும் இடையே கோடு போடுவது நடைமுறையில் உள்ள தீர்வு. எண்ணிக்கையைக் காட்டும், குறிப்பை வாங்கும் திரைகளை லைனில் உள்ளவர்கள் செய்யலாம்; மெஷினின் வேகத்தையோ வெப்பநிலையையோ மாற்றும் திரைகள் கட்டுப்பாட்டுப் பொறியாளரிடம் இருக்கட்டும். இந்தக் கோடு எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் அது அப்படியே நிற்பதில்லை. உலை வெப்பத்தைக் காட்டும் திரையைப் பார்த்தவுடன் 'இங்கேயே கூட்டிக் குறைக்க ஒரு பட்டன் இருந்தால் நல்லது' என்ற கோரிக்கை வரும். தொழில்நுட்பத்தில் தடையில்லை, மெஷின்களோடு பேசும் ஓ.பி.சி. யு.ஏ. இணைப்பு படிக்கவும் விடும், எழுதவும் விடும். மெஷினுக்கு ஆணையே போகாத திரையும் மறைமுகமாக ஆணையிடலாம்: தவறான ரெசிபியைக் காட்டினால் ஆப்பரேட்டர் கையால் அதையே ஏற்றுவார்.

பூட்டும் கசிவும்

ஒரே தளத்தில் பூட்டிக்கொள்வதையும் தகவல் கசிவையும் சுருக்கமாகச் சொன்னால் போதும், சான்றுகள் வெளிப்படையானவை. கூகுள் தன் ஆப் மேக்கர் தளத்தை 2021 ஜனவரியில் மூடியபோது, அதில் செய்த செயலிகளை வேறு தளத்துக்கு நேரடியாக மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டது. பி.எல்.சி. ஒன்று இருபது ஆண்டு உழைக்கும் ஆலையில் இது பெரிய கவலை. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ் வழியாகச் செய்த இணைய வாயில்களில் இயல்நிலை அமைப்பைச் சரியாகக் கவனிக்காததால் 3.8 கோடி பதிவுகள் பொதுவெளியில் கிடந்ததை அப்கார்ட் நிறுவனம் வெளியிட்டது. பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் அதில் இருந்தன. செய்தவர்கள் எந்த விதியையும் மீறவில்லை, ஒரு பெட்டியில் டிக் செய்ய விட்டுப்போயிருந்தது.

இடையில் நிற்கும் ஆள்

இந்த விவாதங்களில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஒரு கண்டுபிடிப்புக்கே நான் அதிக எடை கொடுப்பேன். 1990-களின் தொடக்கத்தில் போனி நார்டியும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் ஸ்ப்ரெட்ஷீட், கேட் (கணினி வரைவு) மென்பொருள் பயன்படுத்துவோரைக் கவனித்தார்கள். தனியாகத் தானே எல்லாவற்றையும் செய்துகொள்ளும் பயனர் என்ற உருவம் அங்கே இல்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் கொஞ்சம் ஆர்வமும் கொஞ்சம் திறமையும் உள்ள ஒருவர் இருந்தார். மற்றவர்கள் அவரிடம் போனார்கள். முறையாகப் பொறுப்பு கொடுக்கப்பட்டு இதைச் செய்பவர்களை ஆய்வாளர்கள் தோட்டக்காரர் என்று அழைத்தார்கள். பிரிட்டனில் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஆலன் மெக்லீன் குழு 1990-ல் எழுதியதும் ஏறத்தாழ இதுதான்: மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள் மட்டும் போதாது, மாற்றும் பழக்கமும், தொழிலாளிக்கும் நிரலாளருக்கும் நடுவில் நிற்கும் ஒரு கைவேலைக்காரரும் வேண்டும். வெண்டி மக்கே 1991-ல் கண்டது இன்னும் சுவையானது. புதுப் பதிப்பு வந்ததும் பலர் செய்த மாற்றம், அதைப் பழையது மாதிரியே நடந்துகொள்ளச் செய்வதுதான்.

எந்த ஆலையிலும் இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மெயின்டனன்ஸில் ஒருவர், பிளானிங்கில் எக்செல் தெரிந்த ஒருவர். ஊசிப் பதிவேட்டுத் திரையில் புதிய வாங்குபவருக்கான விதியைச் சேர்ப்பது, நின்றுபோன பார்கோடு இணைப்பைச் சரிசெய்வது, யாரும் பயன்படுத்தாத நாற்பது திரைகளை அழிப்பது எல்லாம் அவர் தலையில் விழும். சான்ட்டா ஃபே ரயில்வேயில் மேப்பர் நிலைத்ததற்கும், பல அலுவலகங்களில் அதே காலக் கருவிகள் அழிந்ததற்கும் உள்ள வேறுபாடு மென்பொருளின் தரத்தால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. அங்கே இயக்கப் பிரிவு ஊழியர்களுக்குக் கட்டுவதே வேலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மற்ற தரப்புகளின் குறைகளில் பாதி இந்த ஆள் இருக்கும் இடத்தில் குறைகிறது: சோதித்துப் பார்ப்பவர் அவர், நடைக் கையேட்டைக் காப்பவர் அவர், பட்டனைச் சேர்க்காதே என்று சொல்லக்கூடியவரும் அவர். எல்லாக் குறையும் தீரும் என்று சொல்ல மாட்டேன். ஸுபாஃப் எழுப்பிய வேவுக் கேள்வி அவரால் தீர்வதல்ல.

விடை வராதவை

செயற்கை நுண்ணறிவு இந்த நிலைமையை மாற்றிவிடுமா? 2023 அக்டோபரில் சீமென்ஸும் மைக்ரோசாஃப்டும் அறிவித்த இண்டஸ்ட்ரியல் கோபைலட் போன்றவை, சொன்னதைக் கேட்டு பி.எல்.சி. நிரலையே எழுதித் தருகின்றன. இழுத்து வைக்கும் பெட்டிகளுக்கே இனித் தேவை இருக்காது என்று ஒரு வாதம். எதிர்வாதம் அதைவிடச் சுவையானது: எழுதுவது மலிவானால் படித்துப் புரிந்துகொள்வதே அரிதாகும், அப்போது எலக்ட்ரீஷியனுக்குப் பழகிய லேடர் போன்ற வடிவங்கள் எழுதும் மொழியாக இல்லாமல் சரிபார்க்கும் மொழியாகத் திரும்பி வரலாம். இரண்டில் எது என்று சொல்லும் அளவுக்கு ஆலை அனுபவம் இன்னும் சேரவில்லை.

மொழி இன்னொன்று. திருப்பூரின் லைன்களில் தமிழ் மட்டும் தெரிந்தவரும், ஒடியாவோ இந்தியோ மட்டும் படிக்கத் தெரிந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்கிறார்கள். கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் வரும் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய பேனல்களில், வாசகத்தைப் படமாக்கி ஒட்டும் வழிதான் இருந்தது. உலாவியில் ஓடும் இன்றைய தளங்களில் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது, ஒரே திரையை மூன்று மொழியில் காட்டுவதும் எளிது. ஆனால் ஒரு விதியை மாற்றியதும் மூன்று மொழியிலும் வாசகத்தை மாற்றி, மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பது யார் என்பது திறந்தே இருக்கிறது.

அளவீடும் திறந்தே கிடக்கிறது. இத்துறையில் வெளிவரும் வெற்றிக் கதைகள் பெரும்பாலும் முதல் திரை எத்தனை நாளில் வந்தது என்றே அளக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் அந்தத் திரைகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனையை யாரும் தொடத் துணிவதில்லை என்ற கணக்குதான் உண்மையில் வேண்டும். நார்டி செய்தது போன்ற நேரடிக் கவனிப்பு ஆய்வுகள் எக்செல்லுக்கு வந்த அளவுக்கு ஆலை லோ-கோட்டுக்கு வந்தால் பல சண்டைகள் தானாகத் தணியும்.

கடைசியாக, அந்த இடையாளின் பதவி. பெரும்பாலான ஆலைகளின் பதவிப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் கிடையாது. திரைகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலைக்கு மேல் கூடுதல், அதற்குத் தனிச் சம்பளமோ நேரமோ இல்லை. லைனில் நிற்பவர்களில் கணிசமானோர் பயிலுநர்களாகவும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் இருக்கும் ஆலைகளில், வேலையை நன்றாக அறிந்து திரையை வரையக் கற்றுக்கொண்டவர் ஓரிரு ஆண்டில் வெளியேறிவிடவும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்பை ஐ.டி. துறைக்கே திருப்பிக் கொடுப்பதா, நிரந்தரப் பணியிடம் ஒன்றை உருவாக்குவதா, மென்பொருள் விற்றவரிடமே ஆண்டு ஒப்பந்தமாக ஒப்படைப்பதா என்பதில் நிறுவனங்கள் இப்போதைக்கு மூன்றையும் முயன்று பார்க்கின்றன. மூன்றாவது வழி, லோ-கோட் எதிலிருந்து தப்பிக்கச் சொன்னதோ அதே காத்திருப்பு வரிசைக்கே ஆலையைத் திரும்பக் கொண்டுபோகக்கூடும்.